டஸ்கீகி: செங்கல் அறுத்துக் கல்லூரி கண்ட மாணவர்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் அலபாமா என்றொரு மாநிலம் உண்டு. பருத்தி விளையும் பூமி அது. அம் மாநிலத்தின் மேக்கன் மாவட்டத்தில், பெருநகரங்களின் ஆரவாரம் எட்டாத தொலைவில், டஸ்கீகி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்கே இன்று டஸ்கீகி பல்கலைக்கழகம் என்ற பெயரோடு விளங்கும் கல்வி நிலையம், சில ஆயிரம் மாணவர்களையே கொண்ட சிறிய பல்கலைக்கழகம்தான். ஆயினும் ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அதனைக் கடந்து செல்ல இயலாது.

நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் அறிய வேண்டிய அயல்நாட்டு வரலாறு எது என்று எண்ணிப் பார்த்தோம். எமக்கு முதலில் நினைவுக்கு வந்தது அக் கல்வி நிலையத்து மாணவர்களின் வாழ்க்கையே. அதனை நிறுவியவரின் பெருமையைப் பலரும் எழுதியுள்ளனர். அங்கே தங்கிப் பயின்ற மாணவர் எவ்வாறு உண்டனர், எங்கே உறங்கினர், எதனை விரும்பினர், எதனை எதிர்த்தனர் என்பவற்றையே ஈண்டுக் காண விழைகிறோம். அம் மாணவர் எதிர்கொண்ட வினா ஒன்று உண்டு. கையால் செய்யும் தொழில் நம்மை உயர்த்துமா, அன்றி இருந்த இடத்திலேயே இருத்தி வைக்குமா? அவ் வினா அவர்களுடையது மட்டுமன்று, நம்முடையதும் ஆகும்.

எழுத்து குற்றமாயிருந்த மண்

1831-ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்தில் நாட் டர்னர் என்னும் அடிமை தலைமையேற்று நடத்திய கிளர்ச்சி, தென்மாநிலத்து அடிமை உடைமையாளரை நடுங்கவைத்தது. டர்னர் எழுதப் படிக்கத் தெரிந்தவர். படித்த அடிமை ஆபத்தானவன் என்று அஞ்சிய அலபாமா மாநிலம் 1832-இல் சட்டம் ஒன்றை இயற்றிற்று. அடிமைக்கோ, அடிமைத்தளை நீங்கிய கறுப்பினத்தவர்க்கோ எழுத்துக் கூட்டவும் படிக்கவும் எழுதவும் கற்பிக்க முனைவோர்க்கு 250 டாலருக்குக் குறையாமலும் 500 டாலருக்கு மேற்படாமலும் தண்டம் விதிக்கப்படும் என்றது அச் சட்டம். கற்கும் செவிக்கு ஈயம் என்று எழுதிவைத்த நம் நாட்டுப் பழைய விதிகளை அறிந்தவர்க்கு இச் செய்தி வியப்பளிக்காது.

1865-இல் அடிமை முறை நாடு முழுவதும் ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்றோர் முதலில் நாடிச் சென்றவற்றுள் ஒன்று பள்ளிக்கூடம். பேரன் பேத்திகளோடு முதியவரும் அரிச்சுவடியைக் கையில் எடுத்தனர். ஆனால் 1877-இல் நடுவண் அரசின் படைகள் தெற்கிலிருந்து விலகியபின், ஆட்சி மீண்டும் பழைய உடைமையாளரின் கைக்கே சென்றது. அத்தகைய இருண்ட காலத்திலேதான் டஸ்கீகி பள்ளி தோன்றிற்று.

அது தோன்றிய வகையும் நாம் கருதத்தக்கது. லூயிஸ் ஆடம்ஸ் என்பவர் முன்னாள் அடிமை, தகர வேலையும் செருப்புத் தைத்தலும் சேணம் தைத்தலும் கற்றவர், எழுத்தறிவு பெற்றவர். 1880-ஆம் ஆண்டுத் தேர்தலில் கறுப்பின மக்களின் வாக்குகளைப் பெற்றுத்தருமாறு வெள்ளையர் கட்சி வேட்பாளர் ஒருவர் அவரை அணுகினார். ஆடம்ஸ் தமக்கென்று பணமோ பதவியோ கேட்கவில்லை. எம் மக்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்றார். தேர்தல் முடிந்தது, 1881-இல் மாநிலச் சட்டமன்றம் ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கிற்று. ஒரு வாக்கின் விலை ஒரு பள்ளிக்கூடம் என்று கணக்கிட்டவர் ஒரு தொழிலாளி என்பதை நினைவில் நிறுத்துவோம்.

முதல் மாணவர்கள்

அந்த 2,000 டாலரும் ஆசிரியர் ஊதியத்துக்கு மட்டுமே உரியது. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் ஒரு காசும் இல்லை. பொறுப்பேற்க வந்தவர் புக்கர் டி. வாஷிங்டன், அடிமையாகப் பிறந்து, ஹாம்ப்டன் பயிற்சிப் பள்ளியில் உழைத்துப் படித்து ஆசிரியரானவர், அப்போது வயது 25. 1881 ஜூலை 4-ஆம் நாள், கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றின் அருகில் இருந்த பழைய குடிசையில் 30 மாணவர்களுடன் பள்ளி தொடங்கிற்று. மழை பெய்தால் கூரை ஒழுகும். மாணவர் ஒருவர் எழுந்து வந்து ஆசிரியரின் தலைக்குமேல் குடை பிடிக்க, அவர் பாடம் கேட்பாராம்.

அந்த முப்பதின்மர் சிறுவர்கள் அல்லர். 15 வயதுக்கு மேற்பட்டு, ஓரளவு கல்வியும் பெற்றோரே சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராயிருந்தவர்கள். நாற்பதை நெருங்கியவரும் அவர்களில் உண்டு. சிலர் தம்மிடம் படித்த மாணவரையும் உடன் அழைத்து வந்தனர். தேர்வு வைத்துப் பார்க்கையில், மாணவர் மேல் வகுப்பிலும் அவருக்குக் கற்பித்தவர் கீழ் வகுப்பிலும் சேர நேர்ந்ததும் உண்டு. அதனால் நாணி ஊர் திரும்பாமல் கீழ் வகுப்பில் அமர்ந்து கற்ற அந்த ஆசிரியர்களை நாம் வணங்க வேண்டும்.

சில மாதங்களில், பாழ்பட்ட பழைய பண்ணை ஒன்று விலைக்கு வந்தது. 100 ஏக்கர் நிலம். விலை 500 டாலர். ஹாம்ப்டன் பள்ளியின் பொருளாளர் தம் சொந்தப் பணத்தில் 250 டாலர் கடன் கொடுத்தார். அதை முதலில் செலுத்தி நிலத்தைக் கைக்கொண்டனர். கறுப்பினத்தவர்க்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் எத்தனை டாலர் தண்டமோ, அத்தனை டாலரே அவர்களின் கல்விக்கான நிலத்தின் விலையாயிற்று. இடையில் கழிந்தவை ஐம்பதே ஆண்டுகள்.

பண்ணை மாளிகை முன்னரே எரிந்து போயிருந்தது. எஞ்சியவை சமையற்கட்டு, குதிரைக் கொட்டில், கோழிக்கூடு போன்றவையே. கொட்டிலையும் கோழிக்கூட்டையும் துப்புரவு செய்து வகுப்பறைகளாக்கினர். மிஸ் ஒலிவியா டேவிட்சன் என்னும் ஆசிரியை ஊரார் வீடுதோறும் சென்று உதவி திரட்டினார். கந்தலுடுத்திய ஒரு மூதாட்டி, இதுவே என்னால் இயன்றது என்று ஆறு முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்ததை வாஷிங்டன் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

கோடரியும் சூளையும்

நிலத்தைத் திருத்தப் புறப்பட்டபோதுதான் முதற்பிணக்கு தோன்றிற்று. படிக்க வந்த எம்மை மரம் வெட்டச் சொல்வது ஏன் என்று மாணவர் முகம் சுளித்தனர். அவர்கள் நிலையில் நின்று பார்ப்போர்க்கு அச் சினம் நன்கு விளங்கும். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் கொத்தியவர்கள், அக் கொத்திலிருந்து தப்பவே நூலைத் தேடி வந்தனர். வாஷிங்டன் வாதிடவில்லை. நாள்தோறும் பிற்பகலில் தாமே கோடரியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். மாணவர் பின்தொடர்ந்தனர். ஏறத்தாழ 20 ஏக்கர் காடு திருத்தப்பட்டு விதைக்கப்பட்டது.

அடுத்தது செங்கல். ஊரில் சூளை இல்லை; கட்டடத்துக்குக் கல் வேண்டும். முழங்காலளவு சேற்றில் மணிக்கணக்காய் நின்று மண் மிதிக்கும் வேலையை, அதனைச் செய்தவரே அறிவர். மனம் வெறுத்துப் பள்ளியை விட்டுச் சென்ற மாணவரும் உண்டு. முதலில் அறுத்த 25,000 கற்களைச் சூளையில் அடுக்கினர். சரியாக வேகாமல் வீணாயின. இரண்டாம் சூளையும் அவ்வாறே போயிற்று. மூன்றாவது, எரிந்து முடியும் தறுவாயில் நள்ளிரவில் சரிந்து விழுந்தது. கையில் பணமில்லை. வாஷிங்டன் தம் கடியாரத்தை மாண்ட்கோமரி நகரில் 15 டாலருக்கு அடகு வைத்தார். நான்காம் சூளை வெந்து சிவந்தது. கடியாரமோ மீட்கப்படாமல் மூழ்கிப் போயிற்று.

அக் கற்களை வாங்க வெள்ளையரும் வந்தனர். நெடுங்காலம் தம்மை ஏறிட்டும் பாராத அயலார், விலை கொடுத்து வாங்கும் பொருட்டு வாயில் வந்து நின்றது மாணவர்க்குப் புதிய அனுபவம். 1900-ஆம் ஆண்டளவில் ஒரு பருவத்தில் 12 இலட்சம் செங்கற்களை மாணவர் அறுத்தனர். அப்போதிருந்த 40 கட்டடங்களுள் நான்கு நீங்கலாக ஏனைய அனைத்தும் பெரும்பாலும் மாணவரின் உழைப்பால் எழுந்தவை. அவற்றுக்கு வரைபடம் வகுத்தவர்களுள் முதன்மையானவர் ராபர்ட் டெய்லர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1892-இல் கட்டடக் கலைப் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர்.

மணியோசையின் ஆட்சி

தொடக்க ஆண்டுகளில் மாணவர் பட்ட துயர் சிறிதன்று. உணவுக்கூடத்தில் மேசை இல்லை, தட்டுகளும் போதா. நேரத்துக்கு உணவு வாராது. ஒரு நாள் காலை உணவு கிடைக்காத பெண் ஒருத்தி, தண்ணீராவது குடிப்போம் என்று கிணற்றடிக்குச் சென்றாள். கயிறு அறுந்து கிடந்தது. இந்தப் பள்ளியில் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது என்று அவள் சலித்துக்கொண்டது வாஷிங்டனின் காதில் விழுந்தது. தம்மை அத்தனை சோர்வுறச் செய்த சொல் வேறில்லை என்று அவரே எழுதியுள்ளார்.

ஆடவர் சிலர் பழைய மரக்குடில்களில் தங்கினர். குளிர் கடுமையான இரவுகளில், ஒரே போர்வையைச் சுற்றிக்கொண்டு கணப்பைச் சூழ்ந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தனர். ஒரு நாள் காலை வழிபாட்டில், குளிரால் உடல் விறைத்துப் புண்பட்டோர் யார் என்று கேட்டபோது மூவர் கை உயர்த்தினர். கேட்கும்வரை அவர்கள் முறையிடவில்லை. ஊசியிலை மரத்துச் சருகை அடைத்து மெத்தை தைத்தவரும், நாற்காலியும் கட்டிலும் செய்தவரும், வண்டி கட்டியவரும் மாணவரே. பல் துலக்கும் பிரஷ் ஒன்றேனும் இல்லாமல் எவரும் தங்கிப் பயில இயலாது என்பது நெடுநாள் இருந்த விதி.

உணவு, உறைவிடம், விறகு, சலவை அனைத்துக்குமாக மாதம் 8 டாலர் கட்டணம். மாணவர் செய்த வேலைக்குக் கூலி கணக்கிடப்பட்டு அதில் கழிக்கப்பட்டது. அதற்கும் வழியற்றோர்க்காக 1884-இல் இரவுப் பள்ளி தொடங்கப்பட்டது. பகலில் 10 மணி நேரம் வேலை. இரவில் 2 மணி நேரம் படிப்பு. அத்தனை உழைத்தபின் விளக்கொளியில் நூலைத் திறந்த கண்கள் எத்தனை முறை தாமாகவே மூடியிருக்கும் என்பதை, வேலைக்குச் சென்றுகொண்டே படித்த நம்மவர் அறிவர்.

பகற்பள்ளியில் காலை 5 மணிக்குத் துயிலெழுப்பும் மணி அடிக்கும். 6 மணிக்குச் சிற்றுண்டி. பின்னர் அறை துப்புரவு. 8 மணி 25 நிமிடத்துக்கு ஆடவர் அணிவகுத்து நிற்க, உடையும் உடலும் தூய்மையாக உள்ளனவா என்று சோதிப்பர். வழிபாடு முடிந்தபின் ஐந்து நிமிடம் நாட்டு நடப்புச் செய்தி. 9 மணிக்குப் பாடம். பிற்பகலில் பாடமும் தொழிலும், இரவு 7.30 முதல் 8.45 வரை படிப்பு, 9.30-க்கு விளக்கணைப்பு. 1896-இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வேளாண்மைத் துறைக்குத் தலைவராக வந்தார். அடிமைக் குடியில் பிறந்து முதுகலைப் பட்டம் பெற்ற அந்த அறிவியலார்க்கு ஆய்வுக்கூடம் இல்லை. மாணவருடன் குப்பை மேடுகளில் திரிந்து, புட்டிகளையும் கம்பிகளையும் பொறுக்கி ஆய்வுக்கருவிகள் செய்தார். 1906 முதல், வேளாண் கருவிகளை ஏற்றிய வண்டி ஒன்று பள்ளியிலிருந்து ஊர் ஊராகச் சென்று உழவர்க்குக் கற்பித்தது. கல்லூரி கிராமத்துக்குச் சென்ற முன்மாதிரி அது.

பிரெஞ்சு இலக்கணம் படித்த இளைஞன்

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். டஸ்கீகியைச் சுற்றியுள்ள ஊர்களைப் பார்வையிட்ட வாஷிங்டன், தாம் கண்டவற்றுள் மிகத் துயரமானவற்றுள் ஒன்று என ஒரு காட்சியைக் குறித்தார். ஓரறைக் குடில், சுற்றிலும் அழுக்கு, முற்றத்தில் களை, அதன் நடுவே கறை படிந்த உடையோடு ஓர் இளைஞன் பிரெஞ்சு மொழி இலக்கணம் படித்துக்கொண்டிருந்தான். களையைப் பிடுங்காமல் அயல்மொழி இலக்கணம் எதற்கு என்பது வாஷிங்டனின் கருத்து.

அதே காலத்தில் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர், 1903-இல் வெளியிட்ட தம் நூலில் இக் காட்சியை எடுத்துக்காட்டி வாஷிங்டனை மறுத்தார். சாக்ரட்டீசு இதைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார் என்பது அவர் கேள்வியின் சாரம். கைத்தொழில் வேண்டும், ஆனால் வாக்குரிமையையும் உயர்கல்வியையும் விட்டுக்கொடுத்துப் பெறும் கைத்தொழில், ஓர் இனத்தைக் கூலிகளாகவே நிறுத்திவிடும் என்றார் டுபாய்ஸ்.

வாஷிங்டனைப் பழித்தல் எம் நோக்கமன்று. கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிக் கொல்லுதல் வழக்கமாயிருந்த மண்ணில் அவர் ஒரு கல்லூரியை நிலைநிறுத்தினார். வெளியில் அடக்கமாகப் பேசிய அவர், வாக்குரிமை பறிப்பை எதிர்த்த வழக்குகளுக்கு மறைவாகப் பொருளுதவி செய்தார் என்பதும் பின்னாளில் வெளிப்பட்டது. 1915-இல் அவர் மறைந்தபோது சுமார் 1,500 மாணவரும், நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களும் இருந்தன. ஆயினும் வடபகுதிச் செல்வரும் தென்பகுதி ஆள்வோரும் டஸ்கீகியைப் பாராட்டியதற்கு ஒரு காரணம், அது தம் வேலையாட்களை வேலையாட்களாகவே வளர்க்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை முறித்தவர் மாணவரே. 1903-ஆம் ஆண்டிலேயே, தொழிலுக்கு நேரம் மிகுதி, படிப்புக்கு நேரம் குறைவு என்று முறையிட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சூளையில் நின்று கல் அறுத்த கைகளே நூலையும் கேட்டன.

மாணவர் அளித்த விடை

1920-களில் பட்டப்படிப்பு வகுப்புகள் தொடங்கின. 1933-இல் ரால்ஃப் எல்லிசன் என்னும் இளைஞர், பயணச்சீட்டுக்குப் பணமின்றிச் சரக்கு இரயில்களில் தொற்றிக்கொண்டு ஓக்லஹோமாவிலிருந்து இசை பயில வந்தார். நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே புதுக்கவிதைகளைப் படித்தார். கட்டணம் கட்ட இயலாமல் 1936-இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1952-இல் அவர் வெளியிட்ட 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' என்னும் புதினம் அமெரிக்க இலக்கியத்தின் பெருநூல்களுள் ஒன்றாயிற்று. 1941-இல் டஸ்கீகியில் கறுப்பின இளைஞர்க்கு விமானப் பயிற்சி தொடங்கிற்று. 1942 மார்ச்சில் முதல் ஐவர் விமானிகளாயினர். ஏர் பிடிக்கவே பிறந்தவர் எனப்பட்டோர் வானில் பறந்தனர்.

1957-இல் அலபாமா சட்டமன்றம், சதுரமாயிருந்த டஸ்கீகி நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட கோணல் வடிவமாக மாற்றி, ஏறத்தாழ 400 கறுப்பின வாக்காளருள் நால்வர் ஐவர் நீங்கலாக அனைவரையும் எல்லைக்கு வெளியே தள்ளிற்று. கல்வி நிலையத்தின் சமூகவியல் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் வழக்குத் தொடுத்தார். 1960-இல் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வாக்கைக் கொண்டு பெற்ற பள்ளி, வாக்கை மீட்டுத் தந்தது.

1966 ஜனவரி 3-ஆம் நாள், கடற்படையில் பணியாற்றித் திரும்பிய சாமி யங் என்னும் 21 வயது மாணவர், பெட்ரோல் நிலையத்தில் வெள்ளையர்க்குரிய கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றமைக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரை வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு விடுவித்தது. மாணவர் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினர். 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட இரண்டாம் நாள், தம் கோரிக்கைகளைக் கேட்கச் செய்யும் பொருட்டு அறங்காவலர்களையே கட்டடத்துக்குள் முற்றுகையிட்டனர். அடங்கிப் பயிலும் மாணவர்க்குப் பெயர்பெற்ற டஸ்கீகி, தன் குரலைக் கண்டுகொண்டது. 1985-இல் அது பல்கலைக்கழகம் என்னும் பெயர் பெற்றது.

நமக்கு உரியது

இவ் வரலாற்றுக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் தம் 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946-இல் டுபாய்சுக்கு மடல் எழுதினார். டுபாய்ஸ் விடையும் எழுதினார். அவ்வாண்டிலேயே மும்பையில் சித்தார்த்தா கல்லூரி தோன்றிற்று. பள்ளிப் பருவத்தில் சமஸ்கிருதம் கற்க விரும்பிய அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டது. அவர் பாரசீகம் கற்க நேர்ந்தது. பின்னர்த் தாமே முயன்று சமஸ்கிருதம் பயின்றார். அம்மொழி நூல்களைக் கொண்டே சாதியின் வேரை ஆராய்ந்தார். களை மண்டிய முற்றத்தில் இலக்கணம் படித்த அந்த இளைஞனின் பக்கமே நாம் நிற்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1953-இல் சென்னை மாநிலத்தில், அரைநாள் பள்ளியும் அரைநாள் பெற்றோர் தொழிலும் என்று ஒரு கல்வித் திட்டம் வந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதனை எதிர்த்தனர். 1954-இல் அது கைவிடப்பட்டது. டஸ்கீகி மாணவரும் அரைநாள் உழைத்தனரே, வேறுபாடு யாது என்று நம் இளைஞர் வினவலாம். வேறுபாடு பெரிது. தம் மக்களுக்கென எழுப்பும் சுவருக்காக, கூலி கணக்கிடப்பட்டு, புதிதாகக் கற்ற தொழிலைச் செய்வது ஒன்று. பிறப்பால் தலையில் ஏற்றிய தொழிலையே பள்ளியின் பெயரால் மீண்டும் ஏற்றுவது மற்றொன்று. முன்னது கல்விக்கு அடித்தளம். பின்னது அதன்மேல் வைத்த பாறை. அந்த அடித்தளமும் ஒரு நாள் பாறையாக மாறத் தொடங்கியபோது, அதனைப் புரட்டித் தள்ள டஸ்கீகி மாணவர் தயங்கவில்லை.

இளைஞர்களே! உங்கள் பாட்டனும் தந்தையும் சூளையில் கல் அறுத்திருக்கலாம், பறையடித்திருக்கலாம், பிறர் வயலில் நடவு நட்டிருக்கலாம். அதற்காக நாணாதீர். அந்தக் கைகளின் உழைப்பு இழிவன்று. அவ் வுழைப்பை அவர்கள்மேல் சுமத்திய முறையே இழிவு. அதேவேளை, கைத்தொழில் போதும், உமக்கு எதற்குப் பெரும்படிப்பு என்று எவர் சொன்னாலும் கேளாதீர். நூலகத்தில் நுழையுங்கள். அறிவியலும் சட்டமும் இலக்கியமும் அயல்மொழி இலக்கணமும் உங்களுக்கும் உரியன. உங்கள்பின் வரும் ஒரு பிள்ளையைக் கைபிடித்து வகுப்பறையில் அமர்த்துங்கள்.

கட்டடங்களுக்கு நன்கொடையாளர் பெயர் சூட்டப்படும். கல் அறுத்த மாணவரின் பெயர் சுவரில் இராது. டஸ்கீகியின் பழைய சுவர்கள் பல இன்றும் நிற்கின்றன. ஆறு முட்டை கொடுத்த மூதாட்டியைப் போன்றோர் நம் ஊர்களிலும் இருந்தனர். அவர்தம் பிடியரிசியாலும் கூலிக்காசாலும் வளர்ந்த எத்தனையோ சங்கங்களுள் நம் சங்கமும் ஒன்று. இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்துள்ளன. அடுத்த வரிசைக் கல்லை வைக்க வேண்டியவர்கள் நீங்களே.